தலைமேல் எழுதிய தமிழ்

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

ஆறாம் வகுப்பில் என் ஆங்கிலப் புத்தகம் முழுக்கப் பென்சில் எழுத்தாக இருக்கும். ஒவ்வொரு சொல்லின் தலைமேலும் அதை எப்படிச் சொல்வது என்று தமிழில் எழுதி வைத்திருப்பேன். ஒருநாள் எங்கள் வாத்தியார் அதைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் என் கையாலேயே அழிக்க வைத்தார். தமிழில் எழுதிப் படித்தால் ஆங்கிலம் வராது என்றார். அது தவறு என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

ஆங்கிலத்தில் எழுத்தை நம்பி வாய் திறக்க முடியாது. உயிரெழுத்து ஐந்துதான், பிரிட்டன் உச்சரிப்பில் உயிரொலிகள் ஏறக்குறைய 20. காக்ஸ்டன் 1476-இல் இங்கிலாந்தின் முதல் அச்சுக்கூடத்தை வைத்தார். அச்சு பரவப் பரவ எழுத்துக்கூட்டல் உறைந்துகொண்டே போனது. அதே காலத்தில் மக்கள் பேச்சில் நெட்டுயிர்கள் இடம் மாறிக்கொண்டிருந்தன. போதாக்குறைக்கு, கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லுக்குள், லத்தீன் மூலத்தில் இருக்கிறதே என்று, யாருமே உச்சரிக்காத ஒரு 'பி'யைக் கற்றவர்கள் நுழைத்தார்கள். நம் பிள்ளைகள் இன்றும் அதில் இடறுகிறார்கள்.

ஆகவே உச்சரிப்பைத் தனியாக எழுதிக் காட்டும் தேவை ஆங்கிலேயருக்கே இருந்தது. ஜான் வாக்கர் 1791-இல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதியில் உயிரெழுத்துகளின் மேல் சிறு எண்களைப் போட்டார். 1888-இல் பன்னாட்டு ஒலிக்குறிகள் வந்தன. துல்லியமானவைதான், ஆனால் அவற்றையே முதலில் தனியாகக் கற்க வேண்டும். பிபிசியின் உச்சரிப்புப் பிரிவு, அறிவிப்பாளர்களுக்குத் தெரிந்த ஆங்கில எழுத்துகளிலேயே அசை பிரித்து எழுதித் தருகிறது. அழுத்திச் சொல்ல வேண்டிய அசை பெரிய எழுத்தில் இருக்கும். நம் பிள்ளை செய்வதும் இதே வேலைதான்.

தமிழில் எழுதுவதில் சிக்கல் உண்டு. 'கோட்' என்று எழுதினால் அது மேல்சட்டையா, ஆடா? இதற்கு வழி நம் வீட்டுப் பூஜை அலமாரியிலேயே இருக்கிறது. சுலோகப் புத்தகத்தில் 'கோ³விந்த³' என்று எழுத்தை ஒட்டி ஒரு 3 போட்டிருப்பார்களே, அதே குறிதான். சட்டைக்குக் 'கோட்', ஆட்டுக்குக் 'கோ³ட்'. குண்டூசிக்குப் 'பின்', குப்பைத்தொட்டிக்குப் 'பி³ன்'. ஒரே ஒரு எண் போதும், குழப்பம் தீர்ந்துவிடுகிறது.

இதைவிடப் பெரிய விஷயம் அழுத்தம். நாம் எல்லா அசைகளையும் ஒரே கனத்தில் சொல்லிப் பழகியவர்கள். ஆங்கிலத்தில் ஒரு அசை ஓங்கும், மற்றவை சுருங்கும். 'ஃபோ-ட்ட-க்³ராஃப்' என்பதில் முதல் அசை ஓங்குகிறது. படம் எடுப்பவரைச் சொல்லும்போது 'ஃப-டொ-க்³ர-ஃபர்', ஓங்குவது 'டொ'. முன்பு நெடிலாக இருந்த 'ஃபோ' இங்கே வெறும் 'ஃப' ஆகிவிட்டது. இந்தச் சுருக்கம் நமக்குப் புதிதல்ல. 'நாடு' என்பதன் கடைசி உகரம் அரை மாத்திரையாகக் குறுகுகிறது என்று குற்றியலுகரத்தில் படித்தவர்கள்தானே நாம்! அதைச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். தமிழில் பெரிய எழுத்து கிடையாது. அதனால் ஓங்கும் அசைக்கு அடிக்கோடு போடச் சொல்லுங்கள்.

சரி, எழுத்தால் தீராததும் உண்டு. மேற்கைக் குறிக்கும் 'வெஸ்ட்' வேறு, உள்சட்டையைக் குறிக்கும் 'வெஸ்ட்' வேறு. முதலாவதுக்கு உதடு குவிய வேண்டும். இரண்டாவதுக்கு மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். இதை வகுப்பில் வாயால்தான் காட்ட முடியும்.

நாளைக்கு ஒரு மாணவியின் புத்தகத்தில் பென்சில் எழுத்தைப் பார்த்தால் தயவுசெய்து ரப்பரை நீட்டாதீர்கள். 'டெவலப்' என்று எழுதியிருந்தால் பக்கத்தில் உட்காருங்கள். அதை 'டி³-வெ-லப்' என்று திருத்தி, 'வெ'க்குக் கீழே ஒரு கோடு போட்டுக் கொடுங்கள்.