வடிகட்டியில் நிற்காத ஒன்று

மாணவ நண்பர்களுக்கு வணக்கம்.

வைரஸ் என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு உங்களுக்குக் காது புளித்துப்போயிருக்கும். உடம்பெல்லாம் முள் முளைத்த பந்து மாதிரி ஒரு படத்தையும் பார்த்திருப்பீர்கள். வானொலியில் படம் காட்ட முடியாது என்பது இன்றைக்கு எனக்கு வசதியாகப் போயிற்று. ஏனென்றால், வைரஸைக் கண்டுபிடித்தவர்களும் அதன் படத்தைப் பார்த்ததில்லை. பார்க்காமலேயே அப்படி ஒன்று இருக்கிறது என்று எப்படிச் சொன்னார்கள்? அந்தக் கதையிலிருந்து தொடங்குவோம்.

புகையிலைச் செடிக்குத் தேமல் நோய் என்று ஒன்று வரும். இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத் திட்டாகத் தெரியும், செடி வளராமல் குன்றிப்போகும். நோய்ப்பட்ட இலையைக் கசக்கிச் சாறெடுத்து நல்ல செடிக்குள் செலுத்தினால் அதுவும் நோயில் விழும். சரி, ஏதோ பாக்டீரியா வேலை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பாக்டீரியாவைப் பிடிக்க அப்போது நல்ல கருவி ஒன்று இருந்தது: மெருகு பூசாத பீங்கானில் செய்த வடிகட்டி. அதன் துளைகள் அவ்வளவு நுணுக்கமானவை. திரவத்தை அதன் வழியாக அழுத்தி அனுப்பினால் பாக்டீரியா எல்லாம் பீங்கானிலேயே தங்கிவிடும்.

1892-இல் ரஷ்யாவில் திமித்ரி இவனோவ்ஸ்கி என்ற இளம் விஞ்ஞானி தேமல் சாற்றை இந்த வடிகட்டியில் விட்டார். தெளிந்த சாறு இறங்கியது. அதை நல்ல செடிக்குள் செலுத்தினார். பாக்டீரியாதான் காரணம் என்றால் செடிக்கு ஒன்றும் ஆகக்கூடாது. ஆனால் நோய் வந்தது. பாக்டீரியா கக்கிய நச்சு ஏதாவது சாற்றில் கரைந்து வந்திருக்குமோ, ரொம்பச் சின்ன பாக்டீரியா நழுவியிருக்குமோ என்று அவர் யோசித்தார். அதற்கு மேல் போகவில்லை.

நச்சா இல்லையா என்பதை எப்படிச் சோதிப்பீர்கள்? ரேடியோவை அணைக்காமல் கொஞ்சம் யோசியுங்கள். நெதர்லாந்தில் மார்ட்டினஸ் பேய்ஜெரிங்க் 1898-இல் சொன்ன விடை இது. நச்சு என்றால், ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு என்று மாற்றிக்கொண்டே போகும்போது அளவு குறைந்து குறைந்து வீரியம் போய்விட வேண்டும். இங்கே போகவில்லை. கடைசிச் செடிக்கும் முதல் செடிக்கு வந்த அதே நோய். அப்படியானால் அந்தப் பொருள் செடிக்குள் பெருகுகிறது. அதே பொருளைச் சாற்றில் சும்மா வைத்திருந்தால் பெருகவில்லை. வளரும் செல்கள் இருக்கும் இடத்தில் மட்டும்தான் பெருகியது. அதை அவர் ஒரு திரவம் என்று நினைத்தார், அது தவறு. ஆனால் உயிருள்ள செல் இல்லாமல் அதனால் பெருக முடியாது என்று சொன்னாரே, வைரஸைப் பற்றி நீங்கள் ஒரே ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்வதென்றால் அதை வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து தானே வரும்.

அளவைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அளவுகோலில் இருக்கும் ஒரு மில்லிமீட்டருக்குள் ஃப்ளூ வைரஸை வரிசையாக அடுக்கினால் ஏறக்குறைய 10,000 நிற்கும். பள்ளி நுண்ணோக்கியில் தெரியவே தெரியாது. எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகு, 1939-இல்தான், தேமல் வைரஸின் முதல் படம் கிடைத்தது. பந்து அல்ல, மெல்லிய குச்சி.

உள்ளே என்ன இருக்கிறது? ரொம்பக் கொஞ்சம். டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ. என்ற மரபுப்பொருள், அதைச் சுற்றிப் புரத உறை. சில வைரஸ்களுக்கு அதற்கும் மேலே கொழுப்பாலான ஒரு போர்வை. அவ்வளவுதான். சாப்பிடாது, மூச்சு விடாது, தானாக நகராது. புரதம் செய்யும் ரைபோசோம் என்ற உறுப்பு உங்கள் செல்களில் ஏராளமாக இருக்கிறது, வைரஸிடம் ஒன்றுகூட இல்லை. ஓர் அச்சகத்துக்குள் யாரோ நைசாக நுழைந்து தன் நோட்டீஸை எந்திரத்தில் செருகிவிட்டுப் போவதைப் போலத்தான் அதன் பிழைப்பு. மை, காகிதம், மின்சாரம், ஆள் எல்லாம் அச்சகத்துடையது.

பாக்டீரியாவையே தாக்கும் வைரஸ்கள் உண்டு. அவற்றில் டி4 என்பதை மட்டும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். பல பட்டைகள் கொண்ட ஒரு தலை, அதன் கீழே குழாய் போன்ற வால், வாலின் நுனியில் மெல்லிய ஆறு கால்கள். மிதந்து வந்து ஒரு பாக்டீரியாவில் மோதினால், கால்களின் நுனி அந்தப் பரப்பில் தனக்குப் பொருந்தும் மூலக்கூறைத் தொடும். பொருந்தாவிட்டால் நழுவிப்போகும். பொருந்தினால் கால்கள் பற்றிக்கொள்ளும், வாலின் வெளியுறை சட்டென்று சுருங்கும், உள்குழாய் பாக்டீரியாவின் சுவரைத் துளைக்கும், தலைக்குள் இருந்த டி.என்.ஏ. உள்ளே பாயும். வெற்று உறை வெளியிலேயே நின்றுவிடும். ஏறக்குறைய அரை மணி நேரத்தில் பாக்டீரியா வெடித்து, நூற்றுக்கும் மேற்பட்ட புது டி4 வெளியே வரும்.

இப்போது உங்கள் வீட்டில் அடிக்கடி எழும் கேள்விக்கு வருவோம். வைரஸால் சளி பிடித்தால் ஏன் ஆன்டிபயாடிக் கொடுப்பதில்லை? பென்சிலின் பாக்டீரியாவின் செல்சுவரைக் கட்டவிடாமல் தடுக்கிறது. வைரஸுக்குச் சுவரே கிடையாதே, எதைத் தடுப்பது? வைரஸ் நம் செல்லின் எந்திரத்தையே பயன்படுத்துகிறது, எந்திரத்தை அடித்து நொறுக்கினால் நஷ்டம் நமக்கு. வைரஸுக்கென்று தனியாக இருக்கும் ஓரிரு பாகங்களைக் குறிவைக்கும் மருந்துகள் சில வைரஸ்களுக்கு உண்டு, எல்லாவற்றுக்கும் இல்லை. அதனால்தான் தடுப்பூசிக்கு இவ்வளவு மதிப்பு. பெரியம்மை மனிதரை விட்டால் வேறு விலங்கில் தங்காது. தடுப்பூசியால் அதை உலகத்திலிருந்தே ஒழித்துவிட்டதாக 1980-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஃப்ளூ அப்படி மாட்டாது. அது மாறிக்கொண்டே இருக்கும், பறவைகளிடமும் இருக்கும்.

சோப்பு ஏன் என்று கேட்பவர்களுக்கு: கொழுப்புப் போர்வை உள்ள வைரஸை அது கரைத்துச் சிதைத்துவிடும். போர்வை இல்லாததைத் தண்ணீரோடு கழுவி விடும். இரண்டும் நமக்கு லாபம்தான்.

சரி, வைரஸ் உயிருள்ளதா, உயிரற்றதா? தேர்வில் கேட்டால் உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ளதை எழுதுங்கள். ஆனால் சண்டை இன்னும் முடியவில்லை. 1935-இல் வெண்டல் ஸ்டான்லி தேமல் வைரஸை உப்பு, சர்க்கரை மாதிரி படிகமாக்கிக் காட்டினார். அந்தப் படிகத்தைக் கரைத்துச் செடிக்குக் கொடுத்தால் மறுபடி நோய். படிகமாகிற பொருளை உயிர் என்பதா என்று பலர் மலைத்தார்கள்.

பிறகு 2003-இல் மிமிவைரஸ் வந்தது. அமீபாவுக்குள் வாழும் இது அவ்வளவு பெரியது, சாதாரண நுண்ணோக்கியிலேயே தெரியும். முதலில் இதை பாக்டீரியா என்றே எண்ணியிருந்தார்கள். 2008-இல் அதன் நெருங்கிய உறவான இன்னொரு ராட்சத வைரஸோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி வைரஸ் அகப்பட்டது. அதற்கு ஸ்புட்னிக் என்று பெயர். அமீபாவுக்குள் ராட்சதன் தனக்கென்று அமைத்த இடத்தில் இது புகுந்து பெருகும். அப்போது ராட்சதனின் பிரதிகள் குறைகின்றன, உருவாகும் பிரதிகளும் கோணல்மாணலாகின்றன. வைரஸுக்கே ஒரு வைரஸ்! உயிரற்ற பொருளுக்கு நோய் வருமா? நாளைக்கு அறிவியல் வகுப்பில் ஆசிரியரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினால் இன்னும் நல்லது.

வணக்கம்.