முட்டையும் வாழைப்பழமும்

(ராமநாதபுரம் கடற்கரை ஊர் ஒன்றில், மனநலம் பாதித்தவர்களின் குடும்பத்தினர் கூடிய இடத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம், ஸலாம். கச்சான் காற்று பந்தலையே தூக்கப் பார்க்கிறது. என் குரல் கேட்கவில்லை என்றால் கையைக் காட்டுங்கள்.

மனநோய் தீரும் என்று நம்பித் தர்காவுக்குக் கூட்டிவருகிற ஏர்வாடியைச் சொல்லாமல் இந்தக் கரையில் மனநலம் பேச முடியாது. 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. அங்கே மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஓர் இல்லத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியில் பிணைத்திருந்தார்கள். 28 பேர் இறந்துபோனார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அதே மாதம் அங்கிருந்த அந்த மாதிரி இல்லங்களை எல்லாம் மூடி, 500-க்கும் மேற்பட்டவர்களை அரசு தன் பொறுப்பில் எடுத்தது. இவ்வளவும் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அங்கே இருந்தவர்களில் பலரைக் கொண்டுவந்து விட்டது போலீஸ் அல்ல, சொந்த வீட்டுக்காரர்கள். அவர்கள் ஈவிரக்கம் இல்லாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பார்க்காத வைத்தியம் இல்லை, போகாத ஊர் இல்லை என்று அலுத்துப்போய் வந்தவர்கள்.

2017-இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை எந்த வடிவிலும் கூடாது என்று தடுத்துவிட்டது. கட்டாயத்தை அடியோடு எடுத்துவிடவில்லை, அதற்கு வேலி போட்டது. ஒருவர் சம்மதிக்கும் நிலையில் இல்லை என்றால் 30 நாள் வரை சேர்க்கலாம். அதற்கும் இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும், அதில் ஒருவர் மனநல மருத்துவர். சேர்த்ததை 7 நாளுக்குள், இதையெல்லாம் சரிபார்க்கிற மனநல மறுஆய்வு வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். பெண்ணோ சிறுவரோ என்றால் 3 நாள். கட்டிப்போடுவது வேறு வழியே இல்லாத ஆபத்தில் மட்டும். காரணத்தை எழுதி வைக்க வேண்டும். ஆபத்து தீர்ந்ததும் அவிழ்த்துவிட வேண்டும். ஆள் பற்றாக்குறை என்று சொல்லிக் கட்டக் கூடாது என்று தனியாகவே எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் நம் வார்டுகளை நேரில் பார்த்திருப்பார் போல.

கட்டாயமே கூடாது என்கிற கட்சி இல்லை நான். காதில் கேட்ட குரலை நம்பி நடுராத்திரியில் கடலுக்குள் இறங்குகிறவனைக் கரையில் நின்று ‘உன் இஷ்டம்’ என்று பார்த்துக்கொண்டா இருப்போம்? இழுத்து வரத்தான் வேண்டும். இழுத்து வந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதுதான் என் பேச்சு.

நானும் செய்திருக்கிறேன். மனநல வார்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ராத்திரி டூட்டி. ஒரு அம்மாவின் இரண்டு கால்களையும் நான் பிடித்துக்கொண்டேன், இன்னொருவர் ஊசி போட்டார். அந்த அம்மா கத்தவில்லை. “என்ன மருந்துன்னு சொல்லிட்டுப் போடுங்க” என்று மட்டும் கேட்டார். சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்கும். நாங்கள் சொல்லவில்லை.

அது வார்டு, ஒரு பதிவேடாவது இருந்தது. வீட்டில் அதுவும் கிடையாது. வலைத்தொழில் செய்யும் ஒரு குடும்பம், ஊர்ப் பெயர் வேண்டாம். இளைய பையனுக்குச் சந்தேக நோய். மாத்திரை வேண்டாம் என்றான். அவனைப் பெற்ற உம்மா அதைப் பொடித்து மீன் குழம்பில் கலந்து கொடுத்தார். பாசம்தான், வேறென்ன. ஒருநாள் கிண்ணத்தின் அடியில் வெள்ளையாகப் பொடி கிடந்ததைப் பார்த்துவிட்டான். ‘எனக்கு ஏதோ கலந்து தர்றாங்க’ என்பதுதான் அவன் நோய். இப்போது கையில் ஆதாரமும் வந்துவிட்டது!

அன்றிலிருந்து அவித்த முட்டை, வாழைப்பழம், இரண்டே சாப்பாடு. இரண்டிலும் தோலைத் தானே உரிக்கலாம், யாரும் எதையும் கலக்க முடியாது. நான் போனபோது கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. நடுவில் அவன் காக்கா, அதாவது அண்ணன் வேறு, “வலை வாங்க மதுரைக்குப் போறோம்” என்று வேனில் ஏற்றி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார். திரும்பி வந்த பிறகு அவன் எந்த வண்டியிலும் ஏறவில்லை. எங்கேயும் நடைதான்.

மாற்றியது அவனுடைய லாத்தா, அதாவது அக்கா. மாத்திரை அட்டைகளை அவன் முன்னால் வைத்தார். இது தூக்கத்துக்கு, இது உன் காதில் கேட்கிற குரலுக்கு என்று சொல்லிவிட்டு, “எதுடா வேண்டாம்? ஏன் வேண்டாம்?” என்று கேட்டார். அவன் வலைக் கிழிசலைப் பொத்தும் ஊசியை எடுத்துக் கையில் பிடித்துக் காட்டினான். கை நடுங்கியது. அந்த மாத்திரை போட்டால் கண்ணியில் ஊசி நுழையவில்லை, வலை பொத்த முடியவில்லை. நடுக்கம் அந்த வகை மருந்துகளின் தெரிந்த பக்கவிளைவு. அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். அவன் ‘வேண்டாம்’ என்று சொன்னதைத்தான் வீட்டில் எல்லோரும் கேட்டிருந்தார்கள், டாக்டர் உட்பட. காரணத்தை ஒருவரும் கேட்கவில்லை. மருந்தை மாற்றினார்கள். அப்புறம் கையில் வாங்கி அவனே விழுங்க ஆரம்பித்தான். உடனே இல்லை, மூன்று வாரம் ஆயிற்று.

இன்னொன்று சொல்லிவிட்டு இறங்குகிறேன். தெளிவாக இருக்கும்போதே, பிறகு முடியாமல் போனால் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது, தனக்காக யார் பேச வேண்டும் என்று எழுதி வைக்கும் உரிமையை அந்தச் சட்டம் கொடுத்திருக்கிறது. அவனும் எழுதினான். தனக்காகப் பேச லாத்தாவின் பெயர், காக்கா பெயர் இல்லை. காக்காவுக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம்தான். நடுக்கம் தந்த மருந்து வேண்டாம் என்றான். வண்டியில் ஏற்றினால் எங்கே போகிறோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி, அதை இரண்டு தடவை எழுதியிருக்கிறான்.

குழம்பு ஊற்றிச் சாப்பிடுகிறான் இப்போது. முட்டையை மட்டும் யாரும் உரித்துக் கொடுக்கக் கூடாது.