சிவன்மலைப் பெட்டியும் கட்டுவிரியன் கடியும்

[திரையில்: சிவன்மலை, அடிவாரத்திலிருந்து மேல்நோக்கி]

வணக்கம். காங்கேயம் பக்கம் போனவர்களுக்குச் சிவன்மலை தெரிந்திருக்கும். மலைமேல் சுப்பிரமணிய சுவாமி கோயில். அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்பார்கள். யாராவது ஒரு பக்தரின் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொல்வார். அவர் கோயிலுக்கு வந்து அதைச் சொன்னதும், சாமி முன்னால் பூப்போட்டுக் கேட்பார்கள். உத்தரவு கிடைத்தால் அந்தப் பொருள் பெட்டிக்குள் போகும். இன்னொருவர் கனவில் வேறு பொருள் வரும்வரை அங்கேயே இருக்கும்.

பெட்டியில் என்ன வைக்கிறார்களோ, அதை ஒட்டி நாட்டில் ஏதோ நடக்கும் என்பது நம்பிக்கை. தண்ணீர் வைத்தார்கள், 2004-இல் சுனாமி வந்தது என்பது இந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் கதை.

சரி, இப்போது பெட்டியில் மஞ்சள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஈரோட்டுச் சந்தையில் மஞ்சள் விலை ஏறினால், "பாத்தீங்களா, சாமி சொன்னது பலிச்சிருச்சு." இறங்கினால், "மஞ்சளுக்கு ஆபத்துன்னு சாமி முன்னாடியே காட்டிருச்சுங்க." ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்றால், மஞ்சள் மங்கலப் பொருள், இந்த வருஷம் ஊரெல்லாம் கல்யாணமாக இருக்கும் என்று ஒரு விளக்கம் வரும். எது நடந்தாலும் பெட்டிதான் ஜெயிக்கும். தோற்பதற்கு இடமே வைக்காத ஒரு ஆட்டத்தில் ஜெயித்ததை எப்படிக் கணக்கில் எடுப்பது?

இந்தப் பெட்டியால் யாருக்கும் கேடு இல்லை. காங்கேயத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். டீக்கடையில் பேச ஒரு விஷயம், மலை ஏற ஒரு காரணம். அதற்காக இதை எடுக்கவில்லை. எப்படிப் பார்த்தாலும் பொய்க்காத இந்த மாதிரி யோசனை, உயிர் போகும் இடத்துக்கு நகர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்த வீடியோ. இன்னொன்று, பேச்சு ஈரோடு பக்கம் போனதும் சிலருக்குப் பெரியார் நினைவு வரும். கடவுள் உண்டா இல்லையா என்ற வழக்கை நான் இங்கே எடுக்கவில்லை. சாமி கும்பிடுகிறவரும் கும்பிடாதவரும் சேர்ந்தே பார்க்கலாம்.

[திரையில்: நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என நால்வகை விஷப்பாம்புகளின் படம்]

மஞ்சள் காட்டிலும் கரும்புக் காட்டிலும் வேலை செய்கிறவர்களுக்குப் பாம்பு புதிதில்லை. கடித்தால் மந்திரிக்கப் போகும் வழக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை. மந்திரித்துப் பிழைத்தவரை ஊருக்கு ஊர் காட்டுவார்கள். அவர் பிழைத்தது உண்மைதான். ஆனால் நம் ஊரில் இருக்கும் பாம்புகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆளைக் கொல்லும் விஷம் கிடையாது. விஷப்பாம்பே கடித்தாலும், சில சமயம் விஷத்தை இறக்காமல் பல் மட்டும் பதித்துவிட்டுப் போய்விடும். ஆக, மந்திரித்தாலும் மந்திரிக்காவிட்டாலும் பிழைக்கப் போகிறவர்களே அதிகம். அந்தக் கணக்கு முழுவதும் மந்திரக்காரர் பெயரில் எழுதப்படுகிறது. இறந்தவர் கணக்கு? "விதி முடிஞ்சிருச்சு", "கொண்டுவர நேரமாயிருச்சு", "தீட்டு பட்டிருச்சு". மறுபடியும் அதே கண்ணாடிப் பெட்டி.

கட்டுவிரியன் இதில் மோசமான ஆள். ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி அவ்வளவாக இருக்காது, வீக்கமும் பெரிதாகத் தெரியாது. மந்திரித்த பிறகு "ஒண்ணுமில்ல, இறங்கிருச்சு" என்று அனுப்பிவைக்க வசதியான கடி. சில மணி நேரத்தில் கண் இமை தானாக இறங்கும், நாக்குக் குழறும், அப்புறம் மூச்சுவிடும் தசைகள் நிற்கும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-இல் வந்த ஆய்வு மதிப்பிடுகிறது.

இப்போது அரசு ஆஸ்பத்திரியில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் விஷம் ரத்தத்தை உறைய விடாது. அதனால் கொஞ்சம் ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிஷம் ஆட்டாமல் அசைக்காமல் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது, விஷமுறிவு மருந்து போட வேண்டும். உறைந்திருந்தாலும் அத்தோடு விட்டுவிட மாட்டார்கள். கட்டுவிரியனுக்கும் நாகத்துக்கும் இந்தச் சோதனை செல்லாது என்பதால் இமையையும் மூச்சையும் கவனிப்பார்கள், சோதனையைத் திரும்பச் செய்வார்கள். அந்தக் குழாய் "இல்லை" என்றும் சொல்லும். டாக்டர் நினைத்தது தப்பு என்றும் காட்டிக்கொடுக்கும். எனக்கு அதன்மேல் மரியாதை வருவது அதனால்தான்.

மஞ்சள்காமாலையும் இதே கதை. ஹெபடைடிஸ் ஏ என்ற கல்லீரல் வைரஸால் வந்தது என்றால் பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே சரியாகிவிடும். அதற்குள் யாரிடம் மந்திரித்தோமோ அவருக்குப் பெயர். பித்தப்பைக் கல்லோ புற்றோ காரணமாக வந்த காமாலைக்கும் அதே மந்திரம்தான்.

அம்மை விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது, வெளியாட்களை உள்ளே விடாதது, நோயாளியைத் தனியாகப் படுக்க வைப்பது, எல்லாம் நல்ல ஏற்பாடு. தனிமைப்படுத்தல் என்று 2020-இல் அரசு சொன்னதை நம் பாட்டிகள் எப்போதோ செய்துவிட்டார்கள். சிக்கல் அடுத்த வரியில் இருக்கிறது: "அம்மா வந்திருக்கறா, ஆஸ்பத்திரிக்குப் போனா கோவிச்சுக்குவா." குழந்தைகளுக்குப் பெரும்பாலும் சின்னம்மை தானாக இறங்கிவிடும். கர்ப்பிணிக்கும் பெரியவர்களுக்கும் நிமோனியா வரைக்கும் போகலாம். வைரஸை அடக்கும் மாத்திரை இருக்கிறது, கொப்புளம் வந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நன்றாக வேலை செய்யும். மூன்று தண்ணீர் ஊற்றும்வரை காத்திருந்தால் அந்த நேரம் போய்விடுகிறது.

அம்மன் கோபித்துக்கொள்வாளா? பெரியம்மையைப் பாருங்கள். தடுப்பூசியால் 1975-இல் இந்தியாவை விட்டே போனது. 1980-இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். ஈரோடு பெரிய மாரியம்மன் கோயிலில் இன்றைக்கும் பங்குனியில் கம்பம் நடுகிறார்கள், ஊரே மஞ்சள் நீராடுகிறது. நோய் போனது, அம்மனுக்கு ஒரு குறையும் வரவில்லை. கோவையில் போன நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் வந்தபோது பிளேக் மாரியம்மன் கோயில்கள் எழுந்தன. 2021-இல் இருகூர் பக்கம் கொரோனா தேவிக்குச் சிலை வைத்தார்கள். சிரித்தவர்கள் உண்டு. நான் சிரிக்க மாட்டேன். பயம் வந்தால் மனிதர் கும்பிடத்தான் செய்வார். கும்பிட்டுவிட்டு ஊசி போடப் போனாரா என்பது மட்டும்தான் என் கேள்வி.

[திரை கறுப்பு. குரல் மட்டும்]

இதுவரை பேசியது உடம்பு. இனி கொஞ்சம் கனமான இடம். கேள்வி கேட்பதே குற்றம் என்று ஒரு கூட்டம் முடிவு செய்துவிட்டால்? 2013 ஆகஸ்டில் புனேயில், காலை நடைக்குப் போன நரேந்திர தாபோல்கரைச் சுட்டுக் கொன்றார்கள். மூடநம்பிக்கை ஒழிப்புக்காக வாழ்நாளெல்லாம் உழைத்தவர். 2017 மார்ச்சில் நம் கோவையில், இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்து கடவுள் மறுப்பாளரான ஓர் இளைஞரை வெட்டிக் கொன்றார்கள். 2023-இல் கென்யாவின் ஷகஹோலா காட்டில், பட்டினி கிடந்தால் இயேசுவைச் சந்திக்கலாம் என்ற போதகரை நம்பியவர்களின் உடல்கள் நானூறுக்கு மேல் தோண்டி எடுக்கப்பட்டன. மூன்று மதம், மூன்று ஊர். எந்த ஒரு மதத்தையும் தனியாக நிறுத்தி இதைப் பேச முடியாது.

தாபோல்கர் கொலைக்குப் பிறகு மகாராஷ்டிராவில் மாந்திரீகத்துக்கு எதிராகத் தனிச் சட்டம் வந்தது. கர்நாடகத்திலும் 2017-இல் வந்தது. தமிழ்நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. மந்திரத்தால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-ஆம் வருஷத்து மத்திய சட்டம் ஒன்று இருக்கிறது. கேபிள் டிவியில் தாயத்து விளம்பரம் பார்க்கிறவர்கள் நம்ப மாட்டீர்கள்.

பாம்பு கடித்தால் செய்ய வேண்டியதைத் திரையில் போடுகிறேன், போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கயிறு போட்டு இறுக்கக் கூடாது. மோதிரம், கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திருநீறு பூச வேண்டுமென்றால் வண்டியில் போகும்போதே பூசிக்கொள்ளலாம்.

அடுத்த வீடியோவில், அரிசியை இழுக்கும் கலசம் என்று சொல்லி நடக்கும் இரிடியம் மோசடியைப் பார்ப்போம்.