கையில் ஆஃபர் லெட்டர், வியாழக்கிழமை இன்டர்வியூ

நேயர்களுக்கு வணக்கம்.

போன மார்கழியில் ஒரு திங்கட்கிழமை ராத்திரி, ஒன்பதரை மணி இருக்கும், அக்கா மகள் போன் செய்தாள். மெக்கானிக்கல் படித்தவள். ஒரு வருஷம் அப்ரண்டிஸ் முடித்துவிட்டு, மூன்று மாதமாக வீட்டில் இருந்துகொண்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மாமா, ஓசூர் கம்பெனியில இருந்து ஆஃபர் லெட்டர் வந்துருச்சு. குவாலிட்டி இன்ஜினியர். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் போடோணுமாம். ஆனா ஒரகடத்துல இன்னொரு கம்பெனி அடுத்த வியாழக்கிழமை இன்டர்வியூக்கு வரச் சொல்லியிருக்காங்க. டிசைன் வேலை. எனக்கு அதுதான் புடிச்சிருக்கு. இப்ப என்ன பண்றது?"

பின்னாலிருந்து அக்காவின் குரல்: "கெடைக்கப்போற பலாக்காயை விட கையில இருக்கற களாக்காயே மேல்னு சொல்லுடா அவகிட்ட!"

கோவையைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் இருபத்தாறு வருஷம் ஆள் எடுக்கும் வேலை பார்த்தவன் நான். இந்தப் பழமொழி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்த எத்தனையோ பிள்ளைகளின் வாயிலிருந்தும் வந்திருக்கிறது. பழமொழி சொல்வது சரிதான். ஆனால் அதில் பலாக்காயாவது மரத்தில் தொங்குகிறது. என் அக்கா மகளுக்கு ஒரகடத்தில் தொங்குவது காய்கூட இல்லை. மரத்தடிக்கு வந்து நில்லுங்கள், பார்க்கலாம் என்ற அழைப்பு. ஒரு இடத்துக்கு ஆள் வேண்டும் என்றால் நான் எட்டுப் பேரையாவது கூப்பிடுவேன். எட்டுப் பேர் வீட்டிலும் "பாதி கிடைச்ச மாதிரிதான்" என்று பேசிக்கொண்டிருப்பார்கள். ஆக அவள் ஓசூர் வேலையையும் ஒரகடம் வேலையையும் எடை போடவில்லை. ஒரு வேலையையும் அரைமணி நேர நேர்காணலையும் போட்டுத் தராசு பிடித்துக்கொண்டிருந்தாள்.

அப்படியென்றால் ஓசூருக்கே சரி என்று சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அதையும் நான் சொல்லவில்லை. "நாளைக்குக் காலையில் ரெண்டு இடத்துக்கும் போன் போடு கண்ணு" என்றேன்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "போன் பண்ணி என்னன்னு கேக்கறது மாமா? தப்பா நெனச்சுக்க மாட்டாங்களா?"

இந்தப் பயம் எல்லாருக்கும் உண்டு. அதனால் மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். நேர்காணல் முடிந்ததும் என் டயரியில் இரண்டு பெயர் எழுதுவேன். எடுக்கப்போகிறவர் பெயர் பேனாவில், அடுத்தவர் பெயர் பென்சிலில். பேனாக்காரர் வரவில்லை என்றால் பென்சில்காரரைக் கூப்பிட வேண்டும். ஆனால் அவரும் ஊரெல்லாம் மனுப் போட்டவர்தான். பத்து நாள், மிஞ்சினால் இரண்டு வாரம் காத்திருப்பார். அதற்குள் அவருக்கும் வேறு வழி பிறந்துவிடும். ஆஃபர் லெட்டரில் "இத்தனாம் தேதிக்குள்" என்று போடுவது முக்கால்வாசி இந்தப் பென்சில் பெயருக்காகத்தான். அவசரப்படுத்திக் கையெழுத்து வாங்கும் ஆட்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை.

இதனால்தான் மூன்று நாள், நான்கு நாள் கூடுதலாகக் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். பென்சில்காரர் அவ்வளவு நாள் தாங்குவார். மூன்று வாரம் கேட்டால் ஆள் அகப்பையை வேறு பானையில் விட்டுக்கொண்டிருக்கிறார் என்று எங்களுக்குப் புரிந்துவிடும். காரணம் சொல்லும்போது கதை கட்டக்கூடாது. பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று எத்தனை பாட்டிகளை நான் படுக்கையில் பார்த்திருக்கிறேன்! "லெட்டருக்கு நன்றி சார். சேர ஆர்வமாக இருக்கிறேன். இன்னொரு இடத்தில் ஏற்கெனவே ஒத்துக்கொண்ட நேர்காணல் இருக்கிறது. திங்கட்கிழமை மாலைக்குள் உறுதியாகப் பதில் சொல்கிறேன், சரிங்களா?" இவ்வளவு போதும். இப்படிக் கேட்டதற்காக நான் யாருடைய லெட்டரையும் திரும்ப வாங்கியதில்லை. முகம் சுளிக்கிற ஆள் ஒருவர் இருவர் இருக்கலாம். அவர் கீழே வேலை பார்ப்பது எப்படி இருக்கும் என்று அப்போதே தெரிந்துகொள்வதும் லாபம்தான்.

இரண்டாவது போன் ஒரகடத்துக்கு. இதை ஏனோ யாரும் செய்வதில்லை. "என் கையில் ஒரு ஆஃபர் இருக்கிறது, திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். உங்கள் வேலைதான் எனக்குப் பிடித்தது. நேர்காணலைக் கொஞ்சம் முன்னால் வைக்க முடியுமா?" இதை எங்கள் ஆட்கள் மிரட்டலாக எடுத்துக்கொள்வதில்லை. இன்னொருவன் எடுக்க நினைத்த ஆள் என்றால் கூடுதலாக ஒரு கண் வைத்துத்தான் பார்ப்போம். இல்லாத ஆஃபரை இருக்கிறது என்று அடித்துவிடுவது மட்டும் வேண்டாம். "லெட்டரை அனுப்புங்க, பார்க்கலாம்" என்று ஒரு வார்த்தை கேட்டால் குட்டு உடைந்துவிடும்.

இவ்வளவு பேசுகிற நான் என் காலத்தில் என்ன செய்தேன்? 1993. ஒரு மில்லில் பர்சனல் டிபார்ட்மெண்டில் உதவியாளர் வேலைக்கு ரிஜிஸ்டர் தபாலில் ஆர்டர் வந்தது. அதே வாரம் மெட்ராஸில் ஒரு இன்டர்வியூ. மில்லுக்கு, "கடும் காய்ச்சல், ஒரு வாரம் அவகாசம் தேவை" என்று தந்தி கொடுத்துவிட்டு, நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறி உட்கார்ந்தேன். எதிர் சீட்டில் வந்து உட்கார்ந்து, ஃபைலைப் பிரித்தவர் யாரென்று நினைக்கிறீர்கள்? அதே மில்லின் டைம் ஆபீஸ்காரர். என்னை நேர்காணல் அன்று வாசலில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தவர். "தம்பி, காய்ச்சல் தேவலையா?" என்று மட்டும் கேட்டார். ஈரோடு வரைக்கும் நான் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தேன். மெட்ராஸ் வேலை கிடைக்கவில்லை. ஊர் திரும்பியபோது மில் வேலை பென்சில்காரருக்குப் போயிருந்தது. ஏழு மாதம் சித்தப்பாவின் மளிகைக் கடையில் பொட்டலம் மடித்தேன்.

சரி, அக்கா மகள் விஷயத்துக்கு வருவோம். செவ்வாய்க்கிழமை லெட்டரை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். முதலில் பார்த்தது அது நிஜமாகவே ஆஃபர் லெட்டர்தானா என்பதை. சேரும் தேதி, சம்பளம், பதவி, வேலை இடம் எல்லாம் இருந்தால்தான் அதைக் கையில் இருக்கும் வேலை என்று கணக்கில் எடுக்கலாம். "லெட்டர் ஆஃப் இன்டென்ட்" என்று ஒன்று கொடுப்பார்கள். தேதி பின்னர் தெரிவிக்கப்படும் என்று இருக்கும். 2022-இல் படிப்பு முடித்த ஐ.டி. பிள்ளைகள் பலர் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு ஒரு வருஷத்துக்கும் மேல் காத்துக் கிடந்தார்கள். அந்த மாதிரி லெட்டரை நம்பி இன்னொரு நேர்காணலை விடுகிற பிள்ளைக்கு நான் போன் போட்டே திட்டுவேன்.

இவளுடையது முறையான லெட்டர். ஆண்டுக்கு 4,20,000 ரூபாய் சி.டி.சி., அதாவது கம்பெனி இவளுக்காகச் செய்யும் மொத்தச் செலவு. "மாசம் முப்பத்தஞ்சாயிரம் மாமா" என்றாள். ஒரு காகிதம் எடுத்து எழுதிக்கொள்ளச் சொன்னேன். பத்து சதவீதம் வேரியபிள். அது வருஷக் கடைசியில் வந்தால் வரும். ஆக மாதக் கணக்கு 31,500. அதில் அடிப்படைச் சம்பளம் 17,500. கம்பெனி கட்டும் பி.எஃப். 12 சதவீதம், 2,100 ரூபாய், அதற்குள்ளேயே அடக்கம். கிராஜுவிட்டி என்று 4.81 சதவீதம், 842 ரூபாய், அதுவும் அடக்கம். நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருஷம் இருந்தால்தான் கையில் வரும் பணம் அது. பிறகு இவள் பங்கு பி.எஃப். இன்னொரு 2,100. தொழில் வரி போனால் கையில் நிற்பது 26,000 சொச்சம். ஓசூரில் தங்கிச் சாப்பிடும் செலவு தனி. போனில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

இதைச் சொன்னது பயமுறுத்த இல்லை. ஒரகடத்தில் ஒரு எண் சொன்னால் அதையும் இதே மாதிரி உரித்துப் பார்க்காமல் ஒப்பிடக்கூடாது என்பதற்காக. அவர்கள் எண் இன்னும் தெரியாது என்பது வேறு விஷயம்.

ஆனால் நேர்காணல் பாக்கி இருக்கிறவர் லெட்டரில் சம்பளத்துக்கு முன்னால் தேட வேண்டிய வரி ஒன்று உண்டு: வேலை உறுதியாகும் முன் இருக்கும் புரொபேஷன் காலத்தில் விலகினால் எத்தனை நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும்? வேலை உறுதியான பிறகு 60 நாள், 90 நாள் என்று கேட்கும் கம்பெனிகூட புரொபேஷனில் 15 நாள் அல்லது 30 நாளோடு விட்டுவிடுவது உண்டு. சில இடத்தில் முதல் நாளிலிருந்தே 90. பதினைந்து நாள் என்றால், சேர்ந்த பிறகு இன்னொரு வேலை வந்தாலும் கௌரவமாக எழுதிக் கொடுத்துவிட்டு, ரிலீவிங் லெட்டர் வாங்கிக்கொண்டு வரலாம். தொண்ணூறு என்றால் புது இடத்துக்காரர் காத்திருப்பாரா என்று யோசிக்க வேண்டும். "சேர்ந்துட்டு, புடிக்கலைன்னா சொல்லாம வந்துரு, யாருக்குத் தெரியப்போகுது" என்று நண்பர்கள் யோசனை சொல்வார்கள். பி.எஃப். கணக்குக்கு யு.ஏ.என். என்று ஒரே எண் வந்து 2014-லிருந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. எங்கே சேர்ந்தோம், எப்போது விட்டோம் என்பது அந்தக் கணக்கிலேயே நிற்கிறது. பத்து நாள் வேலையும் நிற்கும்.

அப்புறம் பாண்டு, அதாவது இத்தனை வருஷத்துக்குள் விலகினால் இவ்வளவு பணம் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுப்பது. "பாண்டெல்லாம் கோர்ட்டில் செல்லாது" என்று டீக்கடை வரைக்கும் சட்டம் பேசுகிறார்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. விஜயா வங்கியில் மூன்று வருஷத்துக்கு முன் விலகினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒரு அதிகாரி சேர்ந்தார். 2009-இல் வேறு வங்கியில் இடம் கிடைத்து விலகினார். ஆட்சேபத்தோடு பணத்தைக் கட்டிவிட்டு வழக்குப் போட்டார். கர்நாடக உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, வங்கியின் நிபந்தனை செல்லும் என்றது. வேறு வேலைக்குப் போவதை அது தடுக்கவில்லை, சீக்கிரம் விலகுவதற்கு ஒரு தொகை கேட்கிறது, அவ்வளவுதான் என்பது காரணம். எல்லா பாண்டும் இப்படியே செல்லும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் எழுதியிருக்கும் தொகையைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும் இடம் என்றால், நான் என் பிள்ளையை அனுப்ப மாட்டேன்.

நம் வீடுகளில் இதே கேள்வி இன்னொரு வேஷத்திலும் வரும். தனியார் ஆர்டர் கையில்; வங்கி அதிகாரி தேர்வில் மெயின்ஸ் தேறி இன்டர்வியூ பாக்கி. கால் காசானாலும் கவர்மெண்ட் காசு என்று அப்பா நிற்பார். ஐ.பி.பி.எஸ். பி.ஓ. தேர்வில் மெயின்ஸுக்கு 80, நேர்காணலுக்கு 20 என்ற விகிதத்தில்தான் மொத்த மதிப்பெண் போடுகிறார்கள். அதாவது முக்கால் கிணறுக்கு மேல் மெயின்ஸ் அன்றைக்கே தாண்டியாகிவிட்டது அல்லது தாண்டவில்லை. வீட்டில் உட்கார்ந்து இரண்டு மாதம் இன்டர்வியூவுக்குத் தயார் செய்வதற்காகத் தனியார் வேலையை உதறுவது எனக்கு ஒப்புதல் இல்லை. வங்கித் தேர்வுக்காரர்களிடம் போன் போட்டுத் தேதியை முன்னால் வைக்கச் சொல்லவும் முடியாது. சேர்ந்துவிட்டு, ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போய் வருவதே நல்லது. வேலையில் இருக்கிற பிள்ளை நேர்காணலில் பேசுகிற பேச்சிலேயே ஒரு நிதானம் இருக்கும். நான் கண்ணால் பார்த்தது இது.

அக்கா மகள் இரண்டு போனும் போட்டாள். ஓசூர்க்காரர்கள் திங்கட்கிழமை மாலை ஐந்து மணி வரை கொடுத்தார்கள். ஒரகடத்தில் முதலில் "முடியாதும்மா" என்றார்கள். சாயங்காலம் அவர்களே திரும்பக் கூப்பிட்டு, சனிக்கிழமை காலை வீடியோவில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். நாற்பது நிமிஷம் பேசினார்கள். நன்றாகத்தான் செய்திருக்கிறாள். முடிவு எப்போது தெரியும் என்று கேட்டதற்கு இன்னும் இரண்டு சுற்று இருக்கிறது, மூன்று வாரம் ஆகும் என்று பதில்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். சாப்பிட்டுவிட்டு முற்றத்தில் உட்கார்ந்து லெட்டரின் மூன்றாம் பக்கத்தைக் காட்டினாள். புரொபேஷனில் நோட்டீஸ் முப்பது நாள், பாண்டு கிடையாது. அவளே கோடு போட்டு வைத்திருந்தாள். திங்கட்கிழமை மத்தியானம் ஓசூருக்குச் சம்மதம் எழுதினாள். ஒரகடத்துக்கும் மெயில் போட்டு விவரத்தைச் சொன்னாள். "சொன்னதுக்கு நன்றிம்மா, நிறையப் பேர் போனே எடுக்கறதில்ல" என்று அங்கே ஆள் எடுக்கும் அம்மா பேசினாராம்.

தை பிறந்து வேலையில் சேர்ந்தாள். முதல் மாதச் சம்பளச் சீட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள், பக்கத்தில் நான் எழுதச் சொன்ன அந்தப் பழைய காகிதத்தையும் வைத்து. கேண்டீனுக்கு 600 ரூபாய் பிடித்திருந்தார்கள். அது மட்டும் என் கணக்கில் விட்டுப்போயிருந்தது.