வயலின் படித்தால் புலமைப்பரிசில் கிடைக்குமா?

உப்புவெளியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகள் தரம் நான்கில் படிக்கிறாள். வயலின் வகுப்பில் சேர்த்தால் மூளை வளரும், புலமைப்பரிசில் பரீட்சைக்கும் உதவும் என்கிறார்கள். உண்மையா ஐயா?"

அம்மா, பரீட்சைக்காக மட்டும் என்றால் வேண்டாம். அந்த நேரத்தில் பழைய வினாத்தாள்களைச் செய்யட்டும்.

இந்தப் பேச்சு பரவியதற்கு ஒரு கதை உண்டு. 1993இல் அமெரிக்காவில் பல்கலைக்கழக மாணவர்கள் சிலரைப் பத்து நிமிடம் மொசார்ட்டின் இசையைக் கேட்கவைத்து, காகிதத்தை மடித்து வெட்டினால் எப்படி இருக்கும் என்பது போன்ற புதிர்களைக் கொடுத்தார்கள். கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள். அந்தப் பலன் கால் மணி நேரத்துக்குள் போய்விட்டது. அவர்கள் குழந்தைகளும் அல்லர், இசை படிக்கவும் இல்லை. ஆனால் அதை வைத்துக் கைக்குழந்தைகளுக்குக்கூட இசைத்தட்டு விற்றார்கள்!

உண்மையிலேயே பிள்ளைகளுக்கு இசை கற்பித்துப் பார்த்ததும் உண்டு. கனடாவில் செய்து 2004இல் வெளியான ஆய்வில் ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேர். ஓராண்டு இசை படித்தவர்களுக்கு நுண்ணறிவு ஈவு (IQ) மற்றவர்களைவிட மூன்று புள்ளிக்கும் குறைவாகவே கூடியது. பின்னர் வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வேறு ஏதாவது கலை படித்த பிள்ளைகளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் ஏறக்குறைய இல்லை. இசை படிக்கும் பிள்ளைகள் கெட்டிக்காரர்களாகத் தெரிவதற்கு, வகுப்புக்குப் பணம் கட்டக்கூடிய, புத்தகம் உள்ள வீடுகளிலிருந்து வருவதும் ஒரு காரணம். இதை யாரும் சொல்வதில்லை.

காது விடயம் வேறு. வீணையில் விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் மெட்டுக் கட்டைகள் இருக்கின்றன, வயலினில் இல்லை. விரல் ஒரு மயிரிழை தள்ளினாலும் சுருதி விலகிவிடும், அதைக் காதுதான் கண்டுபிடிக்க வேண்டும். ஆண்டுக்கணக்காக இப்படிப் பழகியவர்கள் மிகச் சிறிய சுருதி வேறுபாட்டையும் பிரித்தறிகிறார்கள். தலையில் மின்முனைகளை ஒட்டி அளந்தபோது, அவர்களுடைய மூளைத்தண்டின் மின்னலைகள் கேட்ட ஒலியின் சுருதியை மற்றவர்களைவிட நெருக்கமாகப் பின்பற்றியதையும் சில ஆய்வுகளில் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆனால் பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி அலறும்போது பக்கத்தில் நிற்பவரின் பேச்சு இசை பழகியவர்களுக்கு மற்றவர்களைவிடத் தெளிவாகக் கேட்குமா என்றால், ஆய்வாளர்களே இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். சில ஆய்வுகளில் ஆம், சிலவற்றில் வித்தியாசமே இல்லை.

வாரம் ஒருமுறை வகுப்புக்குப் போய்வந்து பெட்டியை மூடிவைத்தால் காதும் தேறாது. தினமும் கொஞ்சம் வாசிக்க வேண்டும். அதற்கு விருப்பம் வேண்டும். எனவே வயலின் வாங்குவதற்கு முன் மகளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவளுக்கு மிருதங்கத்தில்தான் ஆசையோ என்னவோ!