சித்திரையில் வெண்பனி: டாஹோ ஏரிக்கு இறங்கி வரும் குளிர்

[திரையில்: சத்துவாச்சாரியில் ஒரு மொட்டை மாடி. பழைய வேட்டியில் பிழிந்து காயவைத்த கூழ் வடகம். நடுப்பகல்.]

வணக்கம். சித்திரை பிறந்துவிட்டால் வேலூரில் பதினொரு மணிக்கு மேல் மொட்டை மாடியில் வெறுங்காலோடு நிற்க முடியாது. அப்படி ஒரு நாளில் எங்கள் எதிர்வீட்டு அக்கா கைப்பேசியை நீட்டி ஒரு படம் காட்டினார். கலிபோர்னியாவில் வேலை பார்க்கும் அவருடைய மகள் தோழிகளோடு டாஹோ ஏரிக்குப் போயிருந்தாள். முதல் நாள் மாலை கரையில் அமர்ந்து வெயில் காய்ந்தவர்கள், மறுநாள் காலையில் தங்கள் கார் எந்த வெள்ளை மேட்டுக்கு அடியில் இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது.

"இன்னா தம்பி இது, சித்திரை மாசத்துல பனி கொட்டுதாம்? உலகத்துக்கு ஏதாவது ஆயிடுச்சா?" என்று கேட்டார். அவர் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்தக் காணொளியைத் தயாரித்தேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் ஈரம், அல்லது கோட்டை அகழியின் மேல் படரும் மூட்டம். அங்கே வானத்திலிருந்து விழுவது அதுவன்று; மேகத்துக்குள் நீராவி நேராகப் படிகமாக உறைந்து, உருகாமலே தரையைத் தொடும் வெண்பனி. "உருகாமலே" என்ற சொல்லில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

[திரையில்: தரையிலிருந்து மேகம் வரை உயரத்தைக் காட்டும் ஓர் அளவுகோல்.]

வளிமண்டலத்தில் மேலே போகப்போக, சராசரியாக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆறரை டிகிரி வெப்பம் குறைகிறது. ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடிக்கும்போது உடம்பில் படும் காற்று மாறுவதற்கு இதுவே காரணம். அதே கணக்கில் இன்னும் மேலே போனால், அனல் பறக்கும் மே மாதத்திலும் வேலூருக்கு மேலே ஏறக்குறைய 5 கிலோமீட்டரில், அதாவது சுமார் 16,000 அடியில், வெப்பம் பூஜ்ஜியத்தைத் தொட்டுவிடும். அந்த உயரத்துக்கு மேல் நம் மேகங்களிலும் பனிக்கட்டிதான் இருக்கிறது. கோடை மழையில் சில நேரம் ஆலங்கட்டி விழுவது அங்கிருந்துதான். அளவில் பெரிதாக இருப்பதால் ஆலங்கட்டி தரை வரை தாக்குப்பிடிக்கிறது; மென்மையான பனிப்படிகங்களோ வழியிலேயே உருகி மழைத்துளியாகிவிடுகின்றன. ஆக, நம் தலைக்கு மேலும் பனி உண்டு, அது விழும் உயரம் நமக்கு எட்டவில்லை, அவ்வளவுதான்.

டாஹோவில் நடப்பது என்னவென்றால், அந்த உயரம் ஒரே இரவில் கீழே இறங்கிவிடுகிறது. இறக்கிவைப்பது குளிர் வளிமுகம்.

குளிர்ந்த காற்றுத் திரளும் வெதுவெதுப்பான காற்றுத் திரளும் சந்திக்கும்போது இரண்டும் எளிதில் கலந்துவிடுவதில்லை. குளிர்ந்த காற்று கனமானது. அது தரையை ஒட்டி ஆப்பு போல நுழைந்து, இலேசான வெப்பக் காற்றை மேலே நெம்பித் தள்ளுகிறது. அந்த எல்லைதான் வளிமுகம். முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919-ஆம் ஆண்டு வாக்கில், நார்வே நாட்டின் பெர்கன் நகரில் வில்ஹெல்ம் பியர்க்னெஸ், அவர் மகன் ஜேக்கப் பியர்க்னெஸ் ஆகியோரின் குழுவினர் இதை வரைந்து விளக்கினார்கள். இரு படைகள் எதிரெதிரே நிற்கும் போர்முனைக்கு ஐரோப்பியர் வைத்திருந்த பெயரையே இந்த எல்லைக்கும் சூட்டினார்கள். வானிலை வரைபடத்தில் நீல முக்கோணங்கள் பூட்டிய கோட்டைப் பார்த்தால், முக்கோணங்கள் நோக்கும் பக்கமாகக் குளிர் நகர்கிறது என்று பொருள்.

ஏப்ரலிலும் இது ஏன் வருகிறது என்றால், நிலம் சூடேறும் வேகத்தில் வட பசிபிக் பெருங்கடலின் மேற்பரப்பும் அலாஸ்காவுக்கு அருகே நிற்கும் மேல்காற்றும் சூடேறுவதில்லை. மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் அதிவேகக் காற்றோட்டம் தெற்கே வளையும் நாட்களில், அந்தக் குளிர் கலிபோர்னியா வரை வந்துவிடுகிறது. இது உலகம் கெட்டுப்போனதன் அடையாளம் அன்று. டாஹோ ஏரியைத் தாங்கி நிற்கும் சியரா நெவாடா மலைத்தொடருக்கு வசந்தத்தில் பழகிப்போன வருகைதான். நெவாடா என்ற ஸ்பானியச் சொல்லுக்கே பனி மூடியது என்றுதான் பொருள்.

[திரையில்: அலைகள் மோதும் ஏரிக்கரைப் பாறைகள்.]

ஆனால் வெண்பனிக்கு முன்னால் காற்று வருகிறது, அதைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. நம் ஊரில் கோடை மழைக்கு முன் என்ன நடக்கும்? வெயில் இருக்கும்போதே திடீரென்று ஒரு குளிர்ந்த வீச்சு, தெருப்புழுதி சுழன்று எழும், வடகம் காயும் வேட்டியின் நாலு முனையிலும் வைத்த செங்கல் நகரும், அக்கா படியேறி ஓடுவார். அது ஓர் இடிமேகத்திலிருந்து கொட்டிய குளிர்காற்று, அரை மணி நேரத்தில் அடங்கிவிடும். டாஹோவில் வளிமுகத்தின் முன்னால் வீசும் தென்மேற்குக் காற்றோ, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில் காற்றழுத்த வேறுபாடு நெருக்கிப் பிழிவதால் எழுவது; ஒரு பகல் முழுவதும் நீடிக்கும். வலுவான புயல்களின்போது மலைமுகடுகளில் மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டிய வீச்சுகள் பதிவாகின்றன.

டாஹோ ஏரி 35 கிலோமீட்டர் நீளம், 19 கிலோமீட்டர் அகலம். அவ்வளவு வெளியில் தடையில்லாமல் ஓடிவரும் காற்று, கிழக்குக் கரையில் கடலைப் போல அலைகளை எழுப்புகிறது. ஏரியின் ஆழம் 501 மீட்டர். மேலே குளிரும் நீர் கனத்து மூழ்க, அடியிலுள்ள நீர் மேலே வருவதால் ஏரி முழுமையாக உறைவதே இல்லை. அதே காரணத்தால் வசந்தத்தில் சூடேறவும் மாட்டேன் என்கிறது. ஏப்ரலில் மேற்பரப்பு நீர் ஏறக்குறைய 5, 6 டிகிரிதான். காலையில் கண்ணாடி போல இருக்கிறதே என்று சிறு படகில் இறங்கியவர் மதியம் கவிழ்ந்தால், நீச்சல் தெரிந்தவராக இருந்தாலும், குளிரின் அதிர்ச்சியில் மூச்சு இழுத்து இழுத்துத் தண்ணீரைக் குடித்துவிடுவார். ஆகவே பிள்ளைகளிடம் பேசும்போது பனியைவிட இதைத்தான் முதலில் கேளுங்கள்: காற்று எச்சரிக்கை இருக்கிறதா, மிதவைச் சட்டை போட்டுக்கொண்டாயா என்று.

[திரையில்: மலைச்சரிவின் குறுக்குவெட்டுப் படம், இடப்புறம் பசிபிக், வலப்புறம் ஏரி.]

இப்போது பனிக்கு வருவோம். பசிபிக்கின் ஈரக்காற்றை வளிமுகம் ஒரு பக்கம் தூக்க, காற்றின் வழிக்குக் குறுக்கே நிற்கும் மலைத்தொடர் இன்னொரு பக்கம் தூக்குகிறது. மேற்குச் சரிவும் முகடும் மிகுதியாகப் பெறுகின்றன. ஏரியின் கிழக்குக் கரைக்குக் குறைவாகவே கிடைக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் கொட்டிவிட்டு நமக்குக் கொஞ்சமே மிச்சம் வைப்பதைப் பார்த்து வளர்ந்த வேலூர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

அமெரிக்க வானிலை அறிக்கைகளில் பனி மட்டம் என்று ஓர் எண் தருவார்கள். விழும் பனி மழையாக மாறும் உயரம் அது. பொதுவாகப் பூஜ்ஜிய டிகிரி உயரத்துக்கு ஏறக்குறைய 1,000 அடி கீழே இருக்கும். ஏரி இருப்பது 6,225 அடியில். மாலையில் பனி மட்டம் 8,000 அடி என்றால் கரையில் வெறும் மழை; வளிமுகம் கடந்தபின் 4,500 அடி என்றால் கரை மட்டுமல்ல, வரும் சாலையும் வெள்ளையாகிவிடும். கனமாகப் பொழியும்போது மட்டம் இன்னும் இறங்கவும் கூடும், ஏனென்றால் உருகும் ஒவ்வொரு கிராம் பனியும் சுற்றியுள்ள காற்றிலிருந்து 80 கலோரி வெப்பத்தைப் பிடுங்கிக்கொள்கிறது.

கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரப் பக்கத்திலிருந்து காரில் கிளம்புகிறவர்கள் சிக்கிக்கொள்வது இதனால்தான். கிளம்பும் இடம் கடல்மட்டத்துக்கு அருகே, வெயில் அடிக்கும். 80-ஆம் எண் நெடுஞ்சாலையோ டானர் முகட்டில் 7,239 அடிக்கு ஏறுகிறது, 50-ஆம் எண் சாலை எக்கோ முகட்டில் 7,382 அடிக்கு. இரண்டுமே ஏரியைவிட உயரம். சக்கரத்துக்குச் சங்கிலி கட்டச் சொல்லி அங்கே வண்டிகளை நிறுத்துவார்கள். நிலைமை மோசமானால் சாலையையே மூடிவிடுவார்கள்.

இத்தனை தொல்லைக்கும் நடுவே அந்த மாநிலம் இந்தப் பனிக்காகக் காத்திருக்கிறது. கலிபோர்னியாவின் நீர்த்தேவையில் ஏறக்குறைய 30 விழுக்காடு சியராவின் பனி உருகித்தான் வருகிறது. 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 அன்று, டாஹோவுக்குத் தெற்கே ஃபிலிப்ஸ் நிலையத்தில் பனியளவு எடுக்கச் சென்றபோது, ஆளுநர் ஜெர்ரி பிரவுன் காய்ந்த புல்தரையின் மேல் நின்றார். பாலாற்றில் மணலை மட்டும் பார்த்துப் பழகிய நமக்கு அந்தப் புகைப்படத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

அக்காவின் மகள் ஒரு நாள் தாமதமாகப் பத்திரமாகத் திரும்பினாள். இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அக்கா சற்று நேரம் யோசித்துவிட்டு, "நம்ம ஏலகிரி எத்தினி அடி தம்பி?" என்று கேட்டார். சுமார் 3,500 அடி. அங்கே வெண்பனி விழ வேண்டுமானால், நம் வானத்தின் பனி மட்டம் இன்னும் 11,000 அடிக்கு மேல் இறங்க வேண்டும்.