எந்த ஆழத்துத் தண்ணீர்?

நேயர்களுக்கு வணக்கம். ஓர் ஆற்றைப் பாதுகாக்கப்பட்ட ஆறு என்று அறிவித்தாகிவிட்டது. கரையில் ஆலை கிடையாது, சாக்கடை கலக்காது, மணல் அள்ள முடியாது. அப்புறமும் மீன் செத்து மிதக்கிறது. உடனே எவன் கழிவைக் கொட்டினான் என்று கரையோரம் தேடுவார்கள். மேலே அணை இருந்தால் நான் முதலில் கேட்பது, தண்ணீர் எந்த ஆழத்திலிருந்து வருகிறது என்றுதான்.

வெயில் காலத்தில் ஆழமான நீர்த்தேக்கம் இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடும். சூடேறிய தண்ணீர் லேசாகி மேலே கிடக்கும். குளிர்ந்தது கனத்து அடியிலேயே தங்கும். அடியில் இலைதழையும் செத்த பாசியும் மக்க மக்க ஆக்சிஜன் தீரும், மேலிருந்து இறங்கவும் வழியில்லை. அது தீர்ந்த பிறகு வண்டலில் இருக்கும் இரும்பும் மாங்கனீசும் கரைய ஆரம்பிக்கும், ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயுவும் சேரும். மதகு அடியில் இருந்தால் இந்தத் தண்ணீர்தான் ஆற்றில் இறங்கும்.

அந்தத் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். பளிங்கு மாதிரி இருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் அழுகிய முட்டை நாற்றம். கொஞ்ச நேரம் வைத்துவிட்டு வந்தால் மஞ்சளாக மங்கியிருக்கும். அப்புறம் அடியில் துருநிறத்தில் படியும். கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டுத் துருவாகிறது. அணைக்குக் கீழே கூழாங்கற்களில் ஒட்டும் செம்பழுப்புப் பூச்சும் இதேதான்.

சரி, மேல்தண்ணீரையே விட்டுவிடலாமே? அதுவும் எல்லா ஆற்றுக்கும் ஒத்துவராது. கலிஃபோர்னியாவில் ஷாஸ்டா அணைக்குக் கீழே சினூக் சால்மன் மீன் முட்டையிடுகிறது. சுமார் 13 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் முட்டைகள் சாக ஆரம்பிக்கும். அடியிலிருக்கும் குளிர்ந்த தண்ணீருக்காக, மின்சாரம் எடுக்கும் டர்பைனை ஒதுக்கிவிட்டு அடிமதகைத் திறந்தார்கள். அந்தத் தண்ணீரில் கிடைக்க வேண்டிய மின்சாரம் போயிற்று. 1997-ல் பல மட்டங்களில் கதவு வைத்த அமைப்பு வந்த பிறகுதான் வேண்டிய ஆழத்திலிருந்து எடுத்து டர்பைனுக்கு அனுப்ப முடிந்தது. கொலராடோ ஆற்றில் கதை நேர்மாறு. 1963-ல் கிளென் கேன்யன் அணை தேக்கத் தொடங்கிய பிறகு, கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவுக்குள் ஆழத்துத் தண்ணீர் சில்லென்று ஓடியது. வெதுவெதுப்பில் முட்டையிடும் ஹம்ப்பேக் சப் மீன் அதில் பெருக முடியவில்லை. பூங்கா என்ற பெயர் தண்ணீரைச் சூடாக்கவில்லை.

கதவு வைக்கப் பணமில்லாத இடங்களில் டர்பைனுக்குள் காற்றைச் செலுத்தி ஆக்சிஜன் ஏற்றுவார்கள். அது ஆக்சிஜனுக்குத்தான் மருந்து, குளிருக்கு அல்ல.

இன்னொன்று, ஆக்சிஜனை அளக்கும் நேரம். பாசி மண்டிய ஆற்றில் பகலெல்லாம் பாசி ஆக்சிஜனை விடும், இரவில் அதையே மூச்சாக எடுக்கும். காலை பதினோரு மணிக்கு மீட்டரோடு வருபவருக்கு நல்ல எண்தான் கிடைக்கும். மீனுக்கு மூச்சு முட்டுவது விடியற்காலையில். ஆகவே மணிக்கொரு தரம் இரவும் பகலும் அளக்க வேண்டும், பக்கத்திலேயே அந்த மணியில் எந்தக் கதவு எவ்வளவு திறந்திருந்தது என்றும் எழுத வேண்டும். மதகுக் கணக்கு ஓர் அலுவலகத்திலும் மீன் கணக்கு வேறோர் அலுவலகத்திலும் கிடந்தால், எந்தக் கதவு திறந்தபோது மீன் செத்தது என்று யாருக்குத் தெரியும்?